ஐயாவையும் அப்பத்தாவையும் எழுதி வைப்பது: செட்டிநாட்டு வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏழு வருஷத்துக்கு முன்னால் என் அப்பத்தாவின் பேச்சைப் போனில் பதிவு செய்ய ஆரம்பித்தேன். மொத்தம் 11 மணி நேரம் சேர்ந்தது. அவர் போன பிறகுதான் கேட்காமல் விட்டது எவ்வளவு என்று தெரிந்தது. அதற்குப் பிறகு சொந்தக்காரர் வீடுகள், தெரிந்தவர் வீடுகள் என்று பல பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். கல்யாண வீட்டுப் பந்தியிலும் படைப்பு வீட்டிலும் (முன்னோரைக் கும்பிடக் கூடும் இடம்) என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

"ஐயா"ன்னா அப்பச்சி வீட்டு ஐயாவா, ஆத்தா வீட்டு ஐயாவா? எழுதும்போது குழம்புதே.

இரண்டு தாத்தாவும் ஐயாதான். அப்பச்சியை (அப்பாவை) பெற்றவர் அப்பத்தா, ஆத்தாவை (அம்மாவை) பெற்றவர் ஆயா என்று பாட்டிகளுக்கு மட்டும் நம் பக்கம் தனித்தனிச் சொல் இருக்கிறது. அதனால் "கோட்டையூர் ஐயா", "பள்ளத்தூர் ஐயா" என்று ஊரைச் சேர்த்து எழுதுங்கள். வெளியூரில் வளரும் பிள்ளைகள் "ஆயா" என்று சொல்லக் கூச்சப்படுகின்றன, அங்கே அதற்கு வேறு பொருள் என்பதால். பதிவில் அந்தச் சொல்லை மாற்ற வேண்டாம். அவர் எந்தச் சொல்லுக்குத் திரும்பிப் பார்த்தாரோ அதுவே இருக்கட்டும்.

எங்க ஐயாகிட்ட "உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க"ன்னா, "என்னத்தச் சொல்றது, பொறந்தோம், வளந்தோம்"னு முடிச்சிடுறாக. எங்கே ஆரம்பிக்கிறது?

ஒரு பொருளைக் கையில் கொடுத்து ஆரம்பியுங்கள். என் அப்பத்தாவிடம் ஆறு மாதம் கேட்டும் வராத பேச்சு ஒரு சாவியால் வந்தது. சாண் நீள இரும்புச் சாவி, பிடி வளையத்தில் சிவப்பு நூல் சுற்றியிருக்கும். "இது எந்த அறைச் சாவி?" என்றேன். வாங்கி உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். கட்டைவிரலால் நூலைத் தடவினார். வளவில் (உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) மூன்றாவது அறை, தங்களை வேறு வைத்தபோது கொடுத்தது, இருட்டில் தடவினாலும் தன் சாவி எதுவென்று தெரிய மாமியார் சுற்றிவிட்ட நூல் அது என்றார். அங்கிருந்து மாமியார், அந்த வருஷம் வீட்டில் எத்தனை புள்ளி, இரண்டாம் கட்டில் எத்தனை அடுப்பு எரிந்தது என்று முக்கால் மணி நேரம் பேசினார். (புதுமணத் தம்பதியைக் கொஞ்ச நாளில் அதே வீட்டுக்குள் தனிச் சமையலுக்கு விடுவதைத்தான் வேறு வைப்பது என்கிறோம். அதோடு அவர்கள் ஒரு தனிப் புள்ளி, அதாவது கணக்கில் ஒரு தனிக் குடும்பம்.)

ஒரு நாளைக்கு ஒரு பொருள், அரை மணி நேரம் போதும். மத்தியானம் படுத்து எழுந்து காபி குடித்த பிறகு கேளுங்கள். "ஏன்" என்று கேட்டால் பெரியவர்கள் தற்காப்புக்குப் போய்விடுவார்கள். "எங்கே வச்சிருந்தீக, யார் கொடுத்தாக" என்று கேட்டால் ஏன் என்பது தானாக வரும். ஆத்தங்குடிக் கல் பதித்த பெரிய பட்டாலையில் (கூடத்தில்) குரல் எதிரொலிக்கும். சின்ன அறையில் உட்காருங்கள். பதிவின் தொடக்கத்தில் தேதி, ஊர், பேசுகிறவர் பெயர் மூன்றையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

எங்க வீட்டுப் பேருக்கு முன்னாடி நாலு எழுத்து இருக்கு. வெளிநாட்டு ஆபீஸ்ல அதை விரிச்சு எழுதச் சொல்றான். எனக்கே தெரியலையே?

அதுதான் விலாசம். கொண்டுவிற்கப் போன (கடல்கடந்து தொழிலுக்குப் போன) காலத்தில் கடையின் பெயர், முகவரி, கையெழுத்து மூன்றுக்கும் அதுவே. ஒவ்வொரு எழுத்தும் பெரும்பாலும் ஒரு தலைமுறை: பாட்டையா, ஐயா, அப்பச்சி என்று வரிசையாக நிற்பார்கள். கூட்டுக்கடைக்கு வைத்த விலாசத்தில் பங்காளிகளின் எழுத்தும் கலந்திருக்கலாம், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விரிக்கும்போது ஒரு சிக்கல் வரும். மூத்த பேரனுக்கு அப்பச்சி வீட்டு ஐயா பெயரை வைப்பது நம் வழக்கம். அதனால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பத் திரும்ப வரும். மூன்று மெய்யப்பர், இரண்டு வயிரவர் இருக்கிற குடும்பத்தில், பெயரோடு அவர் எந்த ஊரில் பெண் எடுத்தார் என்பதையும் எழுதினால்தான் யார் எவர் என்று பிரியும். மாமனார் பெயரை உச்சரிக்காத மருமகள்கள் தங்கள் மகனை "தம்பி", "ராசா" என்றே கூப்பிட்டது இதனால்தான். உங்கள் அப்பத்தா உங்களைப் பெயர் சொல்லியே கூப்பிட்டதில்லை என்றால், அவர் தன் கணவருக்குக் கொடுத்த மரியாதை உங்கள் தலையில் இருந்தது.

எந்தக் கோவில்னு கேட்டாக, பிள்ளையார்பட்டின்னு சும்மா சொல்லிட்டேன். அது தப்பா?

நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடு என்றால் தெரிந்து சொல்ல வேண்டிய விஷயம் அது. இளையாத்தங்குடி, மாத்தூர், வயிரவன்கோவில், நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது நகரக் கோவில்கள். உங்களுடையது இதில் ஒன்று. கல்யாணத்தின்போது மாலை எந்தக் கோவிலிலிருந்து வந்தது என்று வீட்டில் கேளுங்கள், தெரிந்துவிடும். கோவிலில் புள்ளிக் கணக்கு இருப்பதால், வீட்டில் எழுத்தே இல்லாதவர்களுக்கும் ஒரு நூல்முனை அங்கே கிடைக்கும்.

பரண்ல ஒரு தகரப் பெட்டி நிறையக் கணக்கு நோட்டு. ஒரு எழுத்தும் புரியலை. பழைய பேப்பருக்குப் போட்டுடலாமா?

தயவுசெய்து போடாதீர்கள். அது பெரும்பாலும் தமிழ் எண்ணில் எழுதியது, ஒரு மத்தியானத்தில் படிக்கக் கற்றுக்கொள்ளலாம். ௧ முதல் ௯ வரை ஒன்பது எண்கள், அப்புறம் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲. 325 என்பதை ௩௱௨௰௫ என்று எழுதியிருப்பார்கள், வாயால் சொல்கிற மாதிரியே. வரவுக்கு ௷, பற்றுக்கு ௶, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹. 1957 ஏப்ரலுக்கு முந்திய நோட்டு என்றால் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை.

தேதிதான் ஏமாற்றும். ஆங்கில ஆண்டு இருக்காது. தமிழ் வருஷத்தின் பெயர் இருக்கும். அது 60 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வரும். "தாது வருஷம்" என்றால் பெரும் பஞ்சம் வந்த 1876ஆகவும் இருக்கலாம், 1936ஆகவும் இருக்கலாம். பக்கத்தில் என்ன ஊர், என்ன பொருள், யார் பெயர் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். ஒரு வீட்டில் நான் பார்த்த ரங்கூன் குறிப்பேடு "விஷு மார்கழி"யில் பாதிப் பக்கத்தோடு நின்றிருந்தது. அதற்குப் பிறகு எல்லாம் வெள்ளைத் தாள். ஜப்பான்காரன் ரங்கூனில் முதல் குண்டு போட்டது 1941 டிசம்பர் 23, அதாவது விஷு வருஷம் மார்கழி. அந்த வெள்ளைத் தாள்களை அந்த வீட்டுப் பேரன் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்ததை நான் மறக்கவில்லை.

நோட்டு மட்டுமல்ல. கல்யாணப் பத்திரிகை, மொய் ஏடு, துண்டு நோட்டீஸ் எல்லாமே குடும்பச் சரித்திரம்தான். கோட்டையூர் ரோஜா முத்தையா அப்படித்தான் சேர்த்தார். புத்தகங்களோடு அழைப்பிதழ், விளம்பரத் தாள் வரை அவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தவைதான், 1994இல் அவர் பெயரில் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நூலகத்துக்கு அடித்தளம். நம் ஊர் மனிதர் ஒருவர் காகிதத்தின் அருமையை இந்த அளவுக்கு உணர்ந்திருந்தார்.

ஐயாவுக்குக் கணக்கு இருக்கு, கடிதாசி இருக்கு. அப்பத்தா பேருல ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லையே?

இந்தக் கேள்வியை யாரும் கேட்காவிட்டால் நானே கேட்டுவிடுவேன். கடல்கடந்த கடைக்கு ஏஜெண்டாகப் போனவருக்குத் தவணை பொதுவாக மூன்று வருஷம். அந்த மூன்று வருஷமும் இங்கே பிள்ளைப்பேறு, பள்ளிக்கூடம், கோவில் முறை, வட்டி வரவு, நெல் அளப்பு, மாமியார் நோய் எல்லாம் யார் பார்த்தது? ஐயாவின் கணக்கு அங்கே ஓடியது என்றால் அப்பத்தாவின் கணக்கு இங்கே ஓடியது. அவர் அதை எழுத்தில் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

தேடினால் கிடைக்கும். கல்யாணத்தின்போது எழுதிய சாமான் சிட்டையைப் பாருங்கள். வெள்ளி, பித்தளை, இனாமல் வாளி என்று எண்ணிக்கையோடு இருக்கும். அதில் எது எது இப்போது வீட்டில் இல்லை என்று கேளுங்கள். எந்த வெள்ளிக் குடம் எந்தப் பிள்ளையின் காலேஜுக்குப் போனது, எந்த நகை எந்தக் கடனுக்குப் போனது என்று வரும். அவர் பின்னிய கொட்டானை (ஓலைக் கூடையை) திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். பனை ஓலையில் பெண்கள் கையால் பின்னும் செட்டிநாட்டுக் கொட்டானுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. என் அப்பத்தா பின்னியவற்றில் முடிச்சு எப்போதும் இடப்பக்கம் விழும், அவர் இடது கைக்காரர். அதைச் சின்ன வயதில் அடித்துத் திருத்தப் பார்த்தார்கள் என்பது ஒரு கொட்டானைப் பிடித்துக் கேட்டதில் தெரிந்த விஷயம்.

கைப்பக்குவமும் எழுத்துதான். "சீயத்துக்கு என்ன அளவு?" என்று கேட்டால் "கண் அளவு" என்பார்கள். பக்கத்தில் நின்று அவர் கையில் எடுத்ததை ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள்.

பர்மாவைப் பத்தி மட்டும் எங்க ஐயா வாயே திறக்க மாட்டாக. என்ன நடந்துச்சு அங்க?

சுருக்கமாகச் சொல்கிறேன். 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்தது, 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. பர்மா அரிசிக்கு உலகச் சந்தை கிடைத்தது. காட்டைத் திருத்தி நெல் போட விவசாயிக்குப் பணம் வேண்டும். அந்தப் பணத்தில் பெரும்பங்கு செட்டிநாட்டுக் கிட்டங்கிகள் (வட்டிக்கடைகள் இருந்த கட்டடங்கள்) வழியாகப் போனது. உங்கள் வீட்டுத் தேக்குத் தூண் அந்தக் காலத்தில் வந்தது. 1942இல் ஜப்பான் படை மார்ச் 8ஆம் தேதி ரங்கூனுக்குள் நுழைந்தது. அதற்கு முன்னும் பின்னும் லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே வந்தார்கள், வழியில் ஏராளமானோர் இறந்தார்கள். போருக்குப் பின் திரும்பிப் போனவர்களுக்கும் 1962 ராணுவ ஆட்சியும் அதைத் தொடர்ந்த தேசியமயமும் முற்றுப்புள்ளி வைத்தன. 1964 முதல் அகதிகளாக வந்தவர்கள் பலர். தமிழ்நாட்டு ஊர்களில் பர்மா காலனி என்று பெயர் இருப்பது அவர்களால்.

நடந்து வந்த வழியில் யாரைப் பறிகொடுத்தார் என்பது தெரியாமல் "கதை சொல்லுங்க" என்று கேட்காதீர்கள். கவுனி அரிசியில் ஆரம்பியுங்கள். பர்மாவிலிருந்து நம் கல்யாணப் பந்திக்கு வந்த கறுப்பரிசி அது. "அங்கே இதை எப்படிச் சாப்பிடுவாங்க?" என்று கேட்டால் சந்தை, தெரு, பர்மாப் பேச்சில் நாலு வார்த்தை என்று கொஞ்சம் கொஞ்சமாக வரலாம். வராமலும் போகலாம். பேசாமல் இருப்பது அவர் உரிமை. அவர் எந்த இடத்தில் பேச்சை நிறுத்தினார் என்பதை மட்டும் தேதியோடு குறித்து வையுங்கள்.

வட்டிக்கு விட்டுத்தானே இந்த வீடெல்லாம்? ஃப்ரெண்ட்ஸ் கேக்கும்போது சங்கடமா இருக்கு. பெருமைப்படுறதா, வெட்கப்படுறதா?

முதலில் நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் 1930இல் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். 1938இல் அது 25 சதவீதம். இடையில் வந்தது உலகப் பொருளாதார மந்தம். நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, அடகு நிலம் கைமாறியது. பணமாகப் புரட்ட வேண்டியவர்களுக்கு அந்த நிலம் தேவைப்படவில்லை என்பது உண்மை. தான் திருத்திய வயலில் குத்தகைக்காரனாக நின்ற பர்மிய விவசாயியின் கோபமும் உண்மை. எங்கள் குடும்பத்துக்கும் அப்படி நிலம் வந்தது. "அவனால கொடுக்க முடியலை, எங்களால விட முடியலை" என்று ஐயா ஒரே ஒரு தடவை சொன்னதாக அப்பத்தா சொன்னார்.

நான் அந்த வரியையும் எழுதி வைத்திருக்கிறேன், ஐயா கட்டிய பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துப் பக்கத்திலேயே. அதே பணத்தில்தான் கோவில் திருப்பணியும் கல்விக்கூடமும் நடந்தன. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் வந்தது. அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் தன் சொத்தையே கல்விக்குக் கொடுத்தார். ஒன்றைச் சொல்லி ஒன்றை மறைத்தால் பேரப்பிள்ளைக்குக் கிடைப்பது பாதி ஐயாதான். நான் ஐயாவை முழுசாக நேசிக்க முடிந்தது அந்த வரி தெரிந்த பிறகு.

எங்க அப்பச்சி சுவிகாரம் போனவுக. அப்ப எனக்கு எது ஐயா வீடு?

இரண்டும். முறை, பங்கு, கோவில் எல்லாம் சுவிகாரம் (தத்து) போன வீட்டு வழியில் வரும். மூக்கு, குரல், சர்க்கரை வியாதி எல்லாம் பெற்ற வீட்டு வழியில் வரும். சிறுகூடல்பட்டியில் பிறந்த கவிஞர் கண்ணதாசனும் சின்ன வயதில் காரைக்குடிக்குச் சுவிகாரம் போனவர்தான், நம் பக்கம் அது அவ்வளவு சாதாரணம். குடும்ப மரம் எழுதும்போது இரண்டு கோடு போடுங்கள், ஒன்றை மறைக்க வேண்டாம். அப்பச்சி உயிரோடு இருந்தால், பெற்ற வீட்டை விட்டு வந்த நாளைப் பற்றி மட்டும் அவரே எடுத்தால் ஒழிய நீங்கள் எடுக்காதீர்கள். எழுபது வயதிலும் அது ஆறாமல் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பெரியப்பச்சி ஒண்ணு சொல்றாக, ஆயா வேற சொல்றாக. எது சரி?

இரண்டையும் யார் சொன்னது என்று போட்டு எழுதுங்கள். ஆளை மோதவிட்டுத் தீர்ப்பு கேட்டால் இரண்டு பேரும் பேசுவதை நிறுத்திவிடுவார்கள். தேதி சம்பந்தப்பட்டது என்றால் கணக்கு நோட்டு தீர்த்துவைக்கும் (மேலே சொன்ன தமிழ் வருஷ விஷயத்தைப் பாருங்கள்).

குடும்பத்துல ஒரு ரகசியம் கேள்விப்பட்டேன். ஐயாவுக்கு மலாயாவில இன்னொரு குடும்பம் இருந்துச்சாம். எழுதலாமா?

எழுதி வையுங்கள், சுற்றுக்கு விடாதீர்கள். இதனால் நேரடியாகப் புண்படக்கூடியவர் உயிரோடு இருக்கும்வரை அது உங்கள் பெட்டிக்குள் இருக்கட்டும். வாட்ஸ்அப் குரூப்பில் போடவே வேண்டாம். ஆனால் அங்கேயும் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களுக்கும் அவர் ஐயாதான். ஒருநாள் அவர்களில் யாராவது ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடி வந்தால், வாசலில் நிறுத்திப் பேசாமல் வளவுக்குள் கூட்டிப் போய் ஐயா படத்தைக் காட்டுங்கள்.

அப்பத்தாவுக்கு மறதி வந்திடுச்சு. என்னையே யாருன்னு கேக்குறாக. இனிமே பிரயோஜனம் உண்டா?

உண்டு. "நான் யார் சொல்லுங்க பார்ப்போம்" என்று பரீட்சை வைப்பதை முதலில் நிறுத்துங்கள். போய் உட்கார்ந்து, உங்கள் பெயரை நீங்களே சொல்லிவிடுங்கள். நேற்று நடந்தது போய்விட்டாலும் கைக்குப் பழகியது பலருக்கு நெடுநாள் நிற்கும். ஓலையைக் கொடுத்தால் விரல் பின்னத் தொடங்கும். தாலாட்டை ஒரு வரி நீங்கள் எடுத்துக் கொடுத்தால் அடுத்த வரியை அவர் எடுப்பார். தாலாட்டுகளில் அம்மான் பெயரும் ஊரும் வரும், கவனமாகக் கேளுங்கள். எனக்கு என் ஆயாவின் அண்ணன்மார் வரிசை முழுவதும் அப்படித்தான் கிடைத்தது.

நாங்க நகரத்தார் இல்லை. எங்க தாத்தா இந்த வீடுகளுக்குத் தச்சு வேலை பார்த்தவரு. எங்களுக்கு என்ன இருக்கு எழுதுறதுக்கு?

நிறைய இருக்கிறது. சொல்லப்போனால் அதைத்தான் இன்னும் யாரும் எழுதவில்லை. அந்த வாசல் நிலையில் அமர்ந்திருக்கிற கஜலட்சுமி யார் உளி? முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்பைக் கண்ணாடி மாதிரி யார் தேய்த்தது? ஆத்தங்குடிக் கல்லை மண்ணும் சிமெண்டும் கலந்து கண்ணாடித் தட்டில் சாயம் ஊற்றி வார்த்தது, கண்டாங்கிச் சேலை நெய்தது, வளவில் நெல் அவித்தது எல்லாம் யாரோ ஒருவரின் தாத்தா பாட்டிதான். வீட்டுக்காரர் பெயர் வாசலில் இருக்கிறது. உங்கள் தாத்தா பெயர் உங்கள் வீட்டுப் பேச்சில் மட்டும் இருக்கிறது. அவர் உளிகளை எடுத்து வைத்துக்கொண்டு, அந்தச் சாவிக் கேள்வி மாதிரியே ஆரம்பியுங்கள். வேலை பார்த்த வீட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டக் கேளுங்கள். நல்ல வீட்டுக்காரர் கதவைத் திறப்பார்.

வீட்டை விக்கப்போறதாப் பேச்சு. நாற்பது பங்கு, ஆளுக்கொரு ஊர்ல. என்ன செய்ய முடியும்?

சில சமயம் எதுவும் செய்ய முடியாது. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன என்பதால் மட்டும் ஒழுகும் ஓடு நிற்கப்போவதில்லை. ஆனால் ஒரு சாமானையும் நகர்த்துவதற்கு முன்னால், முகப்பிலிருந்து கடைசிக் கட்டு வரை ஒவ்வொரு அறையாகப் படம் எடுங்கள். பெரியவர் ஒருவரைக் கூட நடக்க வைத்து, "இங்கே யார் படுப்பாக, இங்கே என்ன இருந்துச்சு" என்று வீடியோவில் பேச விடுங்கள். சாமான் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்குப் போன பிறகு அது வெறும் பழம்பொருள். எந்த அறையில், யார் கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டியிருந்தது என்பது கடைக்காரருக்குத் தெரியாது.

இதெல்லாம் தெரிஞ்சு அமெரிக்காவில பொறந்த என் பிள்ளைக்கு என்ன ஆகப்போகுது?

அமெரிக்காவிலேயே எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் என்ற இரண்டு உளவியலாளர்கள் பிள்ளைகளிடம் 20 கேள்விகள் கேட்டார்கள். பெற்றோர் எப்படிச் சந்தித்தார்கள் தெரியுமா, தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள் தெரியுமா என்கிற மாதிரி. அதிகம் தெரிந்திருந்த பிள்ளைகளுக்குத் தன்மதிப்பும், தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற நம்பிக்கையும் கூடுதலாக இருந்தன. பதிலை மனப்பாடம் செய்ய வைத்தால் அது வராது. கூட உட்கார்ந்து பேசுகிற வீட்டில்தான் அது தெரியவரும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் குடும்பங்களின் கதையில் ஏற்றம் இருக்கிறது, ஒரே மாதத்தில் எல்லாம் போன இறக்கமும் இருக்கிறது, பலகாரம் சுட்டு விற்று மகனைப் படிக்க வைத்த ஆச்சியும் இருக்கிறார். வேலை போய் வந்து நிற்கிற ஒரு பேரனுக்கு இந்த மூன்றாவது கதை தெரிந்திருக்க வேண்டும்.

நானே ஆயாதான். பேரப்பிள்ளைக போனைப் பாத்துக்கிட்டே இருக்கு, ஒண்ணும் கேக்க மாட்டேங்குது. என்ன செய்யட்டும் ஆச்சி?

கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம், நீங்களே எழுதுங்கள். 200 பக்க நோட்டு ஒன்று போதும். அழகாக எழுத வேண்டியதில்லை. உங்கள் கையெழுத்து, உங்கள் பேச்சு அப்படியே இருக்கட்டும். முதல் பக்கத்தில் உங்கள் ஆயா பெயர், அவர் ஊர், அவர் கையால் நீங்கள் சாப்பிட்ட ஒரு பண்டம். அதற்கு மேல் மனசில் வருவது.

பிள்ளையார் நோன்பன்று, திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள், வெளிநாட்டில் இருப்பவர்கள்கூட வீடியோவிலாவது ஒன்றுகூடுகிறார்கள். கோடி வேட்டியில் உருவிய 21 நூலைத் திரியாக்கி, மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்ளும்போது எந்தப் பிள்ளையும் போனைப் பார்ப்பதில்லை. சுடுமா சுடாதா என்று கண்ணை விரித்துக்கொண்டு நிற்கும். உங்களுக்கு முதல் இழையை எடுத்துக் கொடுத்தது யார், அன்று நீங்கள் அழுதீர்களா என்று அந்த நேரத்தில் சொல்லுங்கள். அடுத்த கேள்வி அந்தப் பிள்ளையிடமிருந்து வரும்.